ரொட்டி கொடுத்துக் கற்ற எழுத்து

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் டால்பட் கவுண்டி என்று ஒரு பகுதி. அங்கே ஆரன் ஆண்டனி என்பவர் பெரிய பண்ணை ஒன்றின் மேலாளராக இருந்தார். அவருக்குச் சொந்தமாகவும் அடிமைகள் உண்டு. அந்த அடிமைகளுக்குப் பிள்ளை பிறந்தால் ஒரு கணக்கு நோட்டில் குறித்து வைப்பார். சொத்து கூடியிருக்கிறதல்லவா! 1818 பிப்ரவரியில் ஹேரியட் என்ற பெண்ணுக்கு பிரெடரிக் அகஸ்டஸ் பிறந்ததாக அந்த நோட்டில் ஒரு வரி இருக்கிறது. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் உலகம் அறிந்த பிரெடரிக் டக்ளஸ். தன் வயதை அவர் கடைசிவரை உத்தேசமாகத்தான் சொல்லி வந்தார்.

தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்பது அங்கே சட்டம். தகப்பன் யார் என்ற கேள்வியே கிடையாது. பிரெடரிக்கின் தகப்பன் ஒரு வெள்ளைக்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆண்டையேதான் என்று ஊரில் பேச்சு. தாயைப் பிள்ளையிடமிருந்து பிரித்து 12 மைல் தள்ளி வேறொருவர் வயலில் வேலைக்கு விட்டுவிட்டார்கள். பகல் முழுக்க வயலில் உழைத்துவிட்டு, இரவில் அத்தனை தூரம் நடந்து வந்து, பிள்ளையின் பக்கத்தில் சற்று நேரம் படுத்திருந்துவிட்டு, விடியும்முன் திரும்பிவிடுவாள். சூரியன் உதிக்கும்போது வயலில் நிற்காவிட்டால் சாட்டையடி. தாயை அவன் பார்த்தது மொத்தமே நான்கைந்து முறைதான், அதுவும் இருட்டில். ஏழு வயது வாக்கில் அவள் இறந்துபோனாள். கடைசியாக ஒருமுறை பார்க்கவும் அவனை விடவில்லை.

வளர்த்தவள் பாட்டி பெட்ஸி. ஆறு வயதானதும் ஆண்டையின் இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட வேண்டும் என்பது உத்தரவு. பாட்டி கையைப் பிடித்து 12 மைல் நடத்திக் கூட்டிவந்தாள். மற்றப் பிள்ளைகளோடு அவனை விளையாடச் சொல்லிவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே திரும்பிப் போனாள்.

அந்தப் பண்ணையில் வயது வந்த அடிமைக்கு மாதத்துக்கு எட்டு பவுண்டு பன்றிக்கறி அல்லது மீன், ஒரு புஷல் அளவுச் சோளமாவு. பிள்ளைகளுக்குச் சோளக்கூழ். அதை ஒரு மரத்தொட்டியில் ஊற்றித் தரையில் வைப்பார்கள். சிப்பி ஓட்டாலும் ஓட்டுச் சில்லாலும் வெறுங்கையாலும் அள்ளித் தின்ன வேண்டும். வேகமாகத் தின்பவனுக்கு வயிறு நிறையும். வருடத்துக்கு இரண்டு முரட்டுத் துணிச் சட்டைகள். அவை கிழிந்துவிட்டால் அடுத்த வருடம் வரை அம்மணம். படுக்கை கிடையாது. பனிக்காலத்தில் சோளம் கொண்டுபோகும் சாக்கு ஒன்றைத் திருடி, அதற்குள் தலையை விட்டுப் படுத்துக்கொள்வான். கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலில் பனியால் ஏற்பட்ட வெடிப்பு, ஒரு பேனாவை வைத்தால் உள்ளே அடங்கும் அளவுக்கு இருந்ததாகப் பின்னாளில் எழுதினார். அதை எழுதிய கையில் இருந்ததும் ஒரு பேனாதானே.

1826இல் அவனைப் பால்டிமோர் நகரத்தில் ஹ்யூ ஆல்ட் என்பவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டுச் சின்னப் பையனைப் பார்த்துக்கொள்வது வேலை. வீட்டுக்கார அம்மாள் சோபியா அதுவரை அடிமை வைத்துப் பழகாதவள். நல்ல மனசு. வந்த பையனுக்கு ஏ, பி, சி சொல்லிக் கொடுத்தாள். மூன்று நான்கு எழுத்துச் சொற்களைக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு அவன் வந்தபோது புருஷனுக்கு விஷயம் தெரிந்தது. உடனே நிறுத்தச் சொன்னார். எழுத்துத் தெரிந்த கறுப்பன் அடிமையாக இருக்க லாயக்கற்றுப் போவான், அவனைப் பிடித்து வைக்க முடியாது என்று மனைவிக்கு எடுத்துச் சொன்னார். பக்கத்தில் நின்ற சிறுவன் அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தான். ஆண்டை எதற்குப் பயப்படுகிறாரோ அதுதான் தனக்கு வேண்டியது என்று அன்றைக்கே அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த அம்மாள் பிறகு புருஷனைவிடக் கடுமையாக மாறிப்போனாள். அவன் கையில் செய்தித்தாளைப் பார்த்தால் ஓடிவந்து பிடுங்குவாள்.

அவனுக்கு வாத்தியார்கள் தெருவில் கிடைத்தார்கள். அந்த வீட்டில் ரொட்டிக்குப் பஞ்சமில்லை. தெருவில் இருந்த ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கோ பசி. கடைக்கு அனுப்பும்போது புத்தகத்தையும் இரண்டு ரொட்டித் துண்டையும் எடுத்துக்கொள்வான். ஓடிப்போய் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு, ரொட்டியைக் கொடுத்துப் பாடம் வாங்குவான். எழுதக் கற்றது கப்பல் கட்டும் துறையில். எந்தப் பலகை கப்பலின் எந்தப் பக்கத்துக்கு என்று அடையாளம் தெரிய, தச்சர்கள் பலகையில் எழுத்துப் போடுவார்கள்: இடப்பக்கத்துக்கு எல், வலப்பக்கத்துக்கு எஸ். அந்த நான்கைந்து எழுத்துகளைப் பழகிக்கொண்டு, பள்ளிக்குப் போகும் பையன்களிடம் பந்தயம் கட்டுவான். உன்னைவிட நான் நன்றாக எழுதுவேன் என்பான். அவர்கள் தோற்கடிக்க வேண்டும் என்று மற்ற எழுத்துகளையும் எழுதிக் காட்டுவார்கள். அவற்றையும் பிடித்துக்கொள்வான். வேலியும் செங்கல் சுவரும் நடைபாதையும்தான் நோட்டு, சுண்ணாம்புக் கட்டிதான் பேனா. வீட்டுப் பையன் எழுதி முடித்துத் தூக்கிப்போட்ட நோட்டுகளில் வரிகளுக்கு இடையே இருந்த வெற்றிடத்தில் அதே எழுத்துகளைத் திரும்ப எழுதிப் பழகினான். கையெழுத்துச் சரியாக வரச் சில வருடங்கள் ஆயின.

பன்னிரண்டு வயது வாக்கில், பூட்ஸ் துடைத்துச் சேர்த்த காசில் 50 சென்ட் கொடுத்து ஒரு புத்தகம் வாங்கினான். பெயர் 'கொலம்பியன் ஓரேட்டர்'. பள்ளிப் பிள்ளைகள் பேச்சுப் பழகுவதற்காகத் தொகுத்த பாடப்புத்தகம் அது. அதில் ஓர் ஆண்டைக்கும், மூன்று முறை தப்பியோடிப் பிடிபட்ட அடிமைக்கும் நடக்கும் வாக்குவாதம் இருந்தது. ஆண்டை சொல்லும் ஒவ்வொரு நியாயத்துக்கும் அடிமை பதில் சொல்கிறான். கடைசியில் ஆண்டை அவனை விடுதலை செய்கிறார். சிறுவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். வெறும் வார்த்தையால் ஆண்டையை மடக்க முடியும் என்பதை அவன் முதன்முதலில் கண்டது அந்தப் பக்கங்களில்தான்.

படிப்பு அவனுக்குச் சந்தோஷத்தைக் கொண்டுவந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தன் நிலைமை என்னவென்று முழுசாகப் புரிந்தது, வெளியேறும் வழி மட்டும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாமல் இருக்கும் சக அடிமைகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான். ஆரன் ஆண்டனி இறந்தபின் 1827இல் பாகப்பிரிவினை நடந்தபோது அவனையும் வரவழைத்து, குதிரை மாடு பன்றிகளோடு வரிசையில் நிறுத்தி விலை மதித்தார்கள். எழுத்துத் தெரிந்தபின் அந்த வரிசையின் அர்த்தம் இன்னும் கூர்மையாகக் குத்தியது.

1833இல் கிராமத்துக்கே திரும்ப வரவேண்டியதாயிற்று. இப்போது ஆண்டை தாமஸ் ஆல்ட், ஹ்யூவின் அண்ணன். பையன் நகரத்தில் கெட்டுப்போய்விட்டான், வணங்க மாட்டேன் என்கிறான் என்று 1834 ஜனவரியில் எட்வர்ட் கோவி என்ற குத்தகை விவசாயியிடம் ஒரு வருடத்துக்கு வாடகைக்கு விட்டார். அடங்காத அடிமைகளை அடித்து ஒடுக்கித் தருவதில் பெயர் வாங்கியவர் கோவி. அந்தப் பெயரால் அவருக்குக் குறைந்த கூலியில் ஆள் கிடைத்தது. முதல் ஆறு மாதம் சாட்டை படாத வாரமே இல்லை. அந்த நாட்களில் ஓய்வு கிடைத்தாலும் புத்தகம் எடுக்கத் தோன்றவில்லை, மரத்தடியில் பாதி உறக்கத்தில் கிடப்பேன் என்று டக்ளஸ் எழுதியிருக்கிறார். ஆகஸ்டில் ஒருநாள் கோதுமை தூற்றும் களத்தில் வெயிலில் மயங்கி விழுந்தார். கோவி உதைத்து, கட்டையால் தலையில் அடித்தார். ரத்தம் வழிய ஏழு மைல் நடந்துபோய் ஆண்டையிடம் முறையிட்டதற்கு, திரும்பிப் போ என்ற பதில்தான் கிடைத்தது. அடுத்த சில நாட்களில் கோவி மறுபடி கட்டிவைத்து அடிக்க வந்தபோது, அந்தப் பதினாறு வயதுப் பையன் அவருடைய தொண்டையைப் பிடித்தான். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் சண்டை. அதற்குப் பிறகு கோவி அவர்மேல் கை வைக்கவில்லை. வெள்ளைக்காரரை எதிர்த்த அடிமையைச் சட்டப்படி பொது இடத்தில் கட்டிவைத்து அடிக்கலாம். கோவி ஏன் அதிகாரிகளிடம் போகவில்லை? டக்ளஸ் யோசித்துச் சொல்லும் காரணம் சுவையானது. ஒரு பொடியனிடம் தோற்றதை வெளியே சொன்னால் தொழில் போய்விடுமே!

அடுத்த வருடம் வேறொரு பண்ணை. அங்கே கறுப்பினத்தைச் சேர்ந்த சுதந்திரமான ஒருவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரகசியமாகப் பள்ளி நடத்தினார். ஒரு கட்டத்தில் 40 பேருக்கு மேல் வந்தார்கள். பெரும்பாலும் வளர்ந்த ஆண்களும் பெண்களும். பிடிபட்டால் 39 சாட்டையடி என்று தெரிந்தே வந்தார்கள். தன் வாழ்க்கையில் செய்த வேலைகளில் மிக இனிமையானது அதுதான் என்று, பெரிய மேடைகளை எல்லாம் பார்த்த பிறகும் அவர் சொன்னார்.

1836இல் தப்பிக்கப் போட்ட திட்டம் வெளியாகி, சிறையில் கிடந்து, மறுபடி பால்டிமோருக்கு வந்து சேர்ந்தார். கப்பல் பலகை இடுக்குகளில் நார் திணித்துத் தார் பூசி அடைக்கும் தொழிலைக் கற்றார். அந்தக் கப்பல் துறையில் நான்கு வெள்ளைக்காரத் தொழிலாளர்கள் சேர்ந்து கல்லாலும் கட்டையாலும் அடித்து, ஒரு கண்ணே போயிற்று என்னும்படி ஆக்கினார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஐம்பது பேருக்குக் குறையாது. ஹ்யூ ஆல்ட் தன் சொத்து சேதமான கோபத்தில் அவரை நீதிபதியிடம் அழைத்துப் போனார். வெள்ளைக்காரர் யாராவது வந்து சாட்சி சொன்னால்தான் வழக்கு என்றார் நீதிபதி. அடிபட்டவனே எதிரில் நிற்கிறான், முகமெல்லாம் ரத்தம். ஆனால் வெள்ளைக்காரருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் ஆயிரம் பேர் வந்து சொன்னாலும் அந்த மாநிலத்தில் அது சாட்சியமாகாது. வழக்கு அங்கேயே முடிந்தது. டக்ளஸ் பின்னாளில் எழுதிய புத்தகங்களைப் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்பேன். அவர் ஏன் அப்படி எழுதினார் என்பது இங்கேதான் விளங்கும்.

கை தேர்ந்த தொழிலாளியாக வாரத்துக்கு ஆறு முதல் ஒன்பது டாலர் வரை சம்பாதித்தார். சனிக்கிழமை இரவு அத்தனையும் ஆண்டை கைக்குப் போகும். ஆறு டாலர் கொண்டுவந்து கொடுத்தால், சில சமயம் ஆறு சென்ட்டைத் திருப்பிக் கொடுத்து உற்சாகப்படுத்துவார் ஆண்டை.

அங்கேதான் அன்னா மர்ரேயைச் சந்தித்தார். வீட்டுவேலை செய்து பிழைத்த பெண். அடிமை அல்ல. அவர் சேர்த்து வைத்திருந்த பணம் உதவியது. 1838 செப்டம்பர் 3ஆம் தேதி, கப்பல் மாலுமி உடையில், சுதந்திரமான கறுப்பின மாலுமி ஒருவரிடம் இரவல் வாங்கிய அடையாளச் சான்றுடன் டக்ளஸ் ரயிலேறினார். சான்றிலிருந்த அங்க அடையாளங்கள் அவருக்குப் பொருந்தவே இல்லை. கண்டக்டர் சரியாகப் பார்க்கவில்லை. மறுநாள் நியூயார்க். சில நாட்களில் அன்னாவும் வந்து சேர, செப்டம்பர் 15ஆம் தேதி திருமணம். இருவரும் நியூ பெட்போர்டு என்ற துறைமுக ஊருக்குப் போனார்கள். அதுவரை பிரெடரிக் பெய்லியாக இருந்தவர் அங்கேதான் டக்ளஸ் ஆனார், தேடி வருபவர்கள் கண்டுபிடிக்காமல் இருக்க. அடிமை முறை இல்லாத ஊர்தான். ஆனாலும் இவர் தொழிலுக்கு வந்தால் நாங்கள் வேலையை விட்டு இறங்கிவிடுவோம் என்று வெள்ளைக்காரத் தொழிலாளர்கள் சொல்லிவிட்டார்கள். கற்ற தொழில் இருந்தும் மரம் அறுத்து, கரி அள்ளி, மூட்டை தூக்கிப் பிழைத்தார்.

1841இல் நான்டக்கெட் தீவில் அடிமை ஒழிப்புக் கூட்டம் ஒன்றில் பேச எழுந்தார். கால் நடுங்கியது. பேசி முடித்ததும் அடிமை ஒழிப்பு இயக்கம் அவரைத் தன் பேச்சாளராக்கிக்கொண்டது. ஊர் ஊராகப் போனார். கொஞ்ச காலத்தில் ஒரு வினோதமான சிக்கல் வந்தது. இவ்வளவு நன்றாகப் பேசுபவர் அடிமையாக இருந்திருக்க முடியாது, பொய் சொல்கிறார் என்று ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். இயக்கத்தின் வெள்ளைக்கார நண்பர்கள், நடந்ததை மட்டும் சொல்லுங்கள், தத்துவம் பேசுவதை எங்களிடம் விடுங்கள், பேச்சில் பண்ணை வாடை கொஞ்சம் இருந்தால் நல்லது என்று யோசனை சொன்னார்கள். உடன் நின்று உதவுகிறவர்கள்கூட நம்முடைய அளவு இவ்வளவுதான் என்று கோடு கிழிப்பதுண்டு.

அவர் பதில் ஒரு புத்தகம். 1845இல் வெளிவந்தது. தன் கதையைத் தானே எழுதி, அதில் எல்லாப் பெயர்களையும் போட்டுவிட்டார். ஆண்டையின் பெயர், ஊர், கங்காணிகளின் பெயர், அடிக்குப் பயந்து ஓடையில் இறங்கி நின்ற டெம்பி என்ற அடிமையைச் சுட்டுக் கொன்றவரின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. நீதிமன்றம் வாங்க மறுத்த சாட்சியத்தை அச்சில் ஏற்றிவிட்டார். சட்டப்படி அவர் இன்னமும் தாமஸ் ஆல்டின் சொத்து. பெயரையும் ஊரையும் எழுதியது, என்னை வந்து பிடித்துக்கொள் என்று விலாசம் கொடுத்ததற்குச் சமம். அதே புத்தகத்தில் இரண்டு விஷயங்களை எழுதாமல் விட்டார். எப்படித் தப்பினார் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் பின்னால் வருபவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடும். ரொட்டிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த பையன்களின் பெயரையும் சொல்லவில்லை. சொன்னால் அவர்களுக்குச் சங்கடம். எதை எழுதுவது, எதை விடுவது என்பதில் அவருக்கிருந்த கணக்கு இது.

நான்கு மாதத்தில் 5,000 பிரதிகள் விற்றன. டால்பட் பகுதியில் வாழ்ந்திருந்த தாம்ப்சன் என்ற வெள்ளைக்காரர் கோபத்துடன் மறுப்பு எழுதினார். அந்த ஆண்டைகளை எல்லாம் எனக்குத் தெரியும், நல்லவர்கள், இந்த பிரெடரிக்கையும் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாத சாதாரண அடிமை, அவன் இதை எழுதியிருக்க முடியாது என்றார். டக்ளஸ் அவருக்கு மனமார நன்றி சொல்லிப் பதில் எழுதினார். நான் மேரிலாந்து அடிமைதான் என்பதற்கு வெள்ளைக்காரரே சாட்சி சொல்லிவிட்டாரே!

பிடிபடும் ஆபத்து இருந்ததால் அந்த ஆகஸ்டிலேயே கப்பலேறி அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் போனார். கறுப்பினத்தவர் என்பதால் கப்பலில் கீழ்த்தட்டில்தான் இடம். இங்கிலாந்து நண்பர்கள் 150 பவுன் திரட்டி, 1846 டிசம்பரில் அவரை ஆண்டையிடமிருந்து விலைக்கு வாங்கி விடுதலை செய்தார்கள். மனிதனுக்கு விலை கொடுப்பது அடிமை முறையை ஒப்புக்கொள்வதாகும் என்று சில தோழர்கள் கண்டித்தார்கள். கொள்கையாகப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் கண்டித்தவர் எவர் கழுத்திலும் அந்தக் கயிறு இருக்கவில்லை.

1847இல் ரோச்சஸ்டர் நகரத்தில் 'நார்த் ஸ்டார்' என்று சொந்தப் பத்திரிகை தொடங்கினார். தப்பியோடும் அடிமைகள் வழி பார்த்து நடப்பது வட நட்சத்திரத்தைத்தானே. அடுத்த வருடம் மகள் ரொசெட்டாவை அங்கே ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் சேர்த்தார். அவளுக்கு ஒன்பது வயது. கட்டணம் வாங்கிக்கொண்ட பள்ளி, அவளை மட்டும் தனி அறையில் உட்கார வைத்துப் பாடம் சொன்னது. டக்ளஸ் போய்க் கேட்டார். தலைமை ஆசிரியை மாணவிகளிடம், இவள் யார் பக்கத்தில் உட்காரலாம் என்று கேட்டபோது, பிள்ளைகள் என் பக்கத்தில், என் பக்கத்தில் என்றார்கள். பெற்றோரிடம் கேட்டபோது ஒரே ஒருவர் ஆட்சேபித்தார். அது போதுமானதாக இருந்தது. அந்த ஒருவரின் பெயரைப் போட்டு, அவருக்கு ஒரு பகிரங்கக் கடிதத்தைத் தன் பத்திரிகையில் வெளியிட்டார் டக்ளஸ். பிறகு வருடக்கணக்காகப் போராடியதில், 1857இல் ரோச்சஸ்டர் பொதுப் பள்ளிகளில் நிறப் பாகுபாடு முடிவுக்கு வந்தது.

உள்நாட்டுப் போரின்போது கறுப்பின வீரர்களைப் படைக்குத் திரட்டினார். தன் மகன்களில் இருவரை அனுப்பினார். வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர். கறுப்பின வீரனுக்கு 10, அதிலும் உடைக்கு 3 பிடித்தம். இதைக் கேட்க 1863 ஆகஸ்டில் ஜனாதிபதி லிங்கனையே நேரில் சந்தித்தார். சமச் சம்பளத்துக்கு மறு வருடம்தான் சட்டம் வந்தது. 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது.

அந்தச் செய்தி இங்கேயும் எட்டியது. மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அதற்கு நாற்பது வருடம் கழித்து, 1913இல் அம்பேத்கர் படிக்கப் போனதும் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு. கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்கு 1946இல் அவர் கடிதம் எழுதியிருக்கிறார். அடிமை முறையும் தீண்டாமையும் ஒன்றல்ல என்பதையும் அம்பேத்கரே பிரித்து விளக்கியிருக்கிறார். எனவே டக்ளஸைப் படிக்கும்போது அவர் நாட்டுக் கதையாகவே படிப்பது நல்லது. 1845இல் வந்த புத்தகம் சிறியது, நூற்றுச் சொச்சம் பக்கம்தான். முதலில் அதைப் படிக்கலாம். அடிமையாக இருந்த ஒரு பெண் என்ன பட்டாள் என்பதற்கு ஹேரியட் ஜேக்கப்ஸ் 1861இல் வெளியிட்ட புத்தகம் இருக்கிறது. ஆண்டையிடமிருந்து தப்ப, நிமிர்ந்து நிற்கவும் முடியாத ஒரு பரணில் ஏழு வருடம் ஒளிந்திருந்தவர் அவர்.

பிற்காலத்தில் டக்ளஸுக்குப் பதவிகள் வந்தன. தலைநகர் வாஷிங்டனில் மார்ஷல், பிறகு ஹைட்டி நாட்டுக்குத் தூதர். தெற்கே கறுப்பினத்தவரைக் கும்பல் சேர்ந்து தூக்கிலிடும் கொடுமை பெருகியபோது, அதை அம்பலப்படுத்திய இளம் பத்திரிகையாளர் ஐடா வெல்ஸுக்குத் துணை நின்றார். அன்னா 1882இல் காலமானார். வீட்டையும் ஐந்து பிள்ளைகளையும் தாங்கி, அவரைத் தப்பவைத்த அந்த அம்மாள் கடைசிவரை சரளமாக எழுதப் படிக்கக் கற்கவில்லை. நாற்பது பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் வீட்டில் இப்படி. இதற்கு யாரைக் குறை சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவருடைய வரலாற்றை எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவது சரியில்லை.

1877இல் தாமஸ் ஆல்ட் மரணப் படுக்கையில் இருந்தார். டக்ளஸைப் பார்க்க விரும்பியதால் போனார். பழைய ஆண்டை இவரை மார்ஷல் டக்ளஸ் என்று அழைத்தார். இவர் பழையபடி பிரெடரிக் என்றே அழைக்கச் சொன்னார். இருவர் கண்ணிலும் நீர். பாட்டியை முதுமையில் தாமஸ் கைவிட்டதாகப் புத்தகத்தில் எழுதியிருந்தது தவறு, அவள் அவருக்குப் பாத்தியப்பட்டவளே அல்ல என்று தெரிந்தபோது டக்ளஸ் அதை ஒப்புக்கொண்டார். பிறகு நெடுநாளாக மனதில் இருந்த ஒன்றைக் கேட்டார். தான் பிறந்தது எப்போது? நிச்சயமாகச் சொல்ல முடியாது, 1818 பிப்ரவரி என்று நினைக்கிறேன் என்றார் கிழவர். அதுவரை டக்ளஸ் நம்பியிருந்ததைவிட அது ஒரு வயது குறைவு.

1895 பிப்ரவரி 20ஆம் தேதி பகலில் வாஷிங்டனில் பெண்கள் மாநாடு ஒன்றில் கலந்துகொண்டார். பெண்களின் வாக்குரிமைக்கு முதல் மாநாடு 1848இல் நடந்தபோதே அதில் பேசியவர் அல்லவா. மாலையில் வீடு திரும்பி, மாநாட்டில் நடந்ததை இரண்டாம் மனைவி ஹெலனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்தார். குன்றின்மேல் இருக்கும் அந்த வீட்டை அமெரிக்க அரசு இப்போது நினைவில்லமாகப் பராமரிக்கிறது. அவர் உட்கார்ந்து எழுதிய மேசையும் புத்தக அலமாரிகளும் அங்கே இருக்கின்றன.